தழும்பில் கசியும் அந்தத் துளை

எலும்பைப் படம் பிடிக்கும் போன் ஸ்கேனில் முழங்காலுக்குக் கீழே கருப்பாகத் தெரிந்தது புற்றுநோயா, ரத்த வெள்ளை அணு ஸ்கேனும் எழுதிக்கொடுத்திருக்கிறார்களே, எதையாவது மறைக்கிறார்களா என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். யாரும் எதையும் மறைக்கவில்லை. 14 மாதங்களுக்கு முன் முறிந்து, பிளேட்டும் ஸ்குரூவும் வைத்த கால் அது. போன் ஸ்கேனில் ஏற்றும் டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்து, எலும்பு எங்கே மும்முரமாகப் புதிதாகக் கட்டப்படுகிறதோ அங்கே போய்ச் சேரும். முறிவு கூடும்போதும் சேரும், கிருமி இருந்தாலும் சேரும். அறுவை நடந்த எலும்பில் ஓராண்டு தாண்டியும் அப்படித் தெரியலாம். 'அப்டேக் அதிகம்', அதாவது மருந்து அதிகம் சேர்ந்திருக்கிறது என்ற ஒற்றை வரியை இணையத்தில் தேடி மூன்று வாரத் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கோபம்.

காரணத்தைப் பிரித்தறியத்தான் இரண்டாவதாக அந்த வெள்ளை அணு ஸ்கேன். உங்கள் ரத்தம் 50 மில்லி அளவுக்கு எடுத்து, வெள்ளை அணுக்களைப் பிரித்து, கதிரியக்க மருந்தை அவற்றில் ஏற்றி, உங்களுக்கே திரும்பச் செலுத்துவார்கள். கிருமியைத் தேடிப் போவது அந்த அணுக்களின் பிறவி வேலை. சில மணி நேரம் கழித்து ஒரு படம், மறுநாள் ஒரு படம். தொற்று இருந்தால் மறுநாள் அந்த இடம் இன்னும் அடர்ந்து தெரியும். எம்ஆர்ஐ எடுத்தால் உலோகத்தைச் சுற்றிப் படம் கலைந்துபோகும் என்பதால்தான் இந்த வழி.

கதிர்வீச்சுக்குப் பயப்படாதீர்கள். டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஒரு பகுதி சிறுநீரிலும் போய்விடும். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கூடவே எழுதியிருக்கும் முடி கொட்டுவதையும் முழங்கால் சொடக்குப் போடுவதையும் இப்போது விட்டுவிடுங்கள்.

கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. தழும்பின் ஓரத்தில் கொப்புளம் வந்து உடைந்து, நாலு நாள் சீழ் கசிந்து, தானே மூடிக்கொள்கிறது. அப்போதெல்லாம் பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுகிறீர்கள். இது புரையோடிய புண். எலும்பு வரைக்கும் வழி இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தொற்று எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று ஸ்கேன் காட்டும். தொற்று இருப்பதை இந்தத் துளையே சொல்லிவிட்டது. செத்துப்போன எலும்புத் துண்டுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரை அங்கே போய்ச் சேராது. பிளேட்டின் மேல் கிருமிகள் படலம் கட்டிக்கொண்டால் மருந்து அதைத் துளைப்பதும் கடினம். மேலே துளையின் வாய் மூடும், அடியில் கிருமி எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் இப்படிக் கசியவிட்ட புண்ணில்தான், அரிதாக, நீங்கள் பயப்படுகிற அந்தப் புற்றுநோயே தோலில் வரும்.

அரைகுறையாகச் சாப்பிடும் மாத்திரை இன்னொரு கேடும் செய்கிறது. எந்தக் கிருமி என்று அறிய எலும்பிலிருந்தும் சுற்றியுள்ள சதையிலிருந்தும் திசு எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு வைப்பார்கள். மருந்து உடம்பில் இருந்தால் எதுவும் வளராமல் போகலாம். வழக்கமாக இரண்டு வாரமாவது மருந்தில்லாமல் இருந்த பிறகே எடுப்போம். எனவே இனி ஒரு மாத்திரையும் நீங்களாக வாங்காதீர்கள். குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிவப்பும் வீக்கமும் பரவினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்த முறை கசியும்போது போனில் படம் எடுத்து, தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும் நாளில் போய் நின்றால், அறுவை மருத்துவர் கண்ணுக்கு வெறும் தழும்புதான் தெரியும்.