சண்டைக் காட்சியைத் தூக்கி நிறுத்துவது பின்னணி இசையா, எஃபெக்ட்ஸா?

பிஜிஎம் நன்றாக இருந்தாலே சண்டைக் காட்சி எடுபட்டுவிடும், அடி, காலடி மாதிரியான சத்தங்களை, அதாவது எஃபெக்ட்ஸைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். குறும்படம் எடுத்து முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் பணத்தை எதில் போடுவது என்ற யோசனையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் சென்னையில் ஃபோலி வேலை பார்க்கிறவன், திரையில் ஓடும் காட்சியைப் பார்த்துக்கொண்டே அதற்கான சத்தங்களைக் கையால் செய்து பதிவு செய்கிற வேலை. அந்தக் "கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்" கொஞ்சம் சுட்டுவிட்டது.

நம் படங்களில் பெரும்பாலும் டப்பிங்தான், படப்பிடிப்பில் பதிவான சத்தம் தியேட்டருக்கு வருவதில்லை. அதிலும் சண்டைக் காட்சியில் கை முகத்தில் படுவதே இல்லை. நீங்கள் கேட்கும் ஒவ்வொரு அடியும் ஓர் அறைக்குள் உட்கார்ந்து செய்தது. ஒரு குத்துக்கே மூன்று நான்கு அடுக்கு வேண்டும்: சட்டைக் கை காற்றைக் கிழிக்கும் சத்தம், ஈரத்துண்டைச் சுருட்டிப் பழைய தோல் பையில் அறைந்து எடுக்கும் சதைச் சத்தம், முருங்கைக்காயை ஒடித்து எடுக்கும் எலும்புச் சத்தம், அடியில் கனமாக ஒரு 'தம்'. இவை ஓரிரு ஃபிரேம் தள்ளிப் போனாலே அடி பொய்யாகிவிடும்.

ஒரு படத்தில் குடோன் சண்டை. நாயகனுக்குத் தொடையில் வெட்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டேதான் சண்டை போடுவான். காட்சியில் வசனமே கிடையாது, அவன் வலியைக் காலடிச் சத்தத்தில்தான் சொல்லியாக வேண்டும். சிமெண்ட் பலகையில் மணல் தூவி, ஒரு கால் பதிய, மறு கால் தேய, ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தத் தேய்ப்பு கொஞ்சம் நீண்டுகொண்டே போகிற மாதிரி செய்திருந்தேன். எல்லாச் சத்தங்களையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்குக்கு ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, வந்து சேர்ந்தபோது, முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை இடைவெளியே இல்லாமல் டிரம்ஸ். டிரம்ஸும் குத்தின் கனமும் ஒரே தாழ்ந்த அலைவரிசையில் வருபவை, சத்தமாக இருப்பது மற்றதை விழுங்கிவிடும். கால் தேயும் சத்தத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"சார், அவன் ஷட்டர் பக்கம் திரும்புற வரைக்கும் மியூசிக் இல்லாம ஒரு தடவை பாருங்களேன்" என்றேன். எஞ்சினியரும் மியூட் செய்து ஓட்டினார். இயக்குநருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அப்படி விட்டால் தியேட்டரில் விசில் வராது என்று கூட இருந்தவர்கள் சொல்ல, "அண்ணே, மியூசிக்கை இன்னும் தூக்குங்க" என்று முடித்துவிட்டார்கள். படம் வந்ததும் அந்தச் சண்டை நீளம் என்று பலர் எழுதினார்கள். எல்லாம் ஒரே உயரத்தில் அடித்துக்கொண்டிருந்தால் காது சலித்துத்தான் போகும்.

இசையமைப்பாளர்களின் ரசிகர்கள் கோபப்பட வேண்டாம், இசையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1968-இல் வந்த 'புல்லிட்' படத்தின் கார் துரத்தலைப் பாருங்கள். கார்கள் ஒன்றை ஒன்று நோட்டம் விடும் வரை லாலோ ஷிஃப்ரினின் இசை பதுங்கிப் பதுங்கி ஏறும், டயர் கிறீச்சிட்டுத் துரத்தல் தொடங்கியதும் இசை நின்றுவிடும். அதன் பிறகு எஞ்சினும் டயரும்தான். அந்த இசை ஏற்றிவிட்ட பதற்றம் இல்லாமல் எஞ்சின் சத்தம் அவ்வளவு எடுபட்டிருக்காது. 1998-இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்திலும் ஓமாஹா கடற்கரைச் சண்டை முழுக்க இசை இல்லை. குண்டு வெடித்து கேப்டனுக்குக் காது அடைத்துப்போகும்போது நமக்கும் எல்லாம் அடங்கிக் கேட்கும். இசையமைத்தவர் ஜான் வில்லியம்ஸ், அவருக்கு அங்கே வாசிக்கத் தெரியாமலா விட்டார்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே தியேட்டரில் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். ஓடிடியில் அடுத்த படத்தின் விளம்பரம் வந்து மறைத்துவிடுகிறது. எங்கள் பெயரெல்லாம் அங்கேதான் வரும். என் அம்மா இதுவரை என் பெயரைத் திரையில் பார்த்ததில்லை.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். முதலில் இசையே இல்லாமல், எஃபெக்ட்ஸை மட்டும் வைத்துச் சண்டையை முழுதாகக் கட்டுங்கள். எந்த இடத்தில் தொய்கிறது என்று தெரிந்துவிடும். அந்த ட்ராக்கோடு சேர்த்தே காட்சியை இசையமைப்பாளரிடம் கொடுங்கள், மொட்டையாகக் கொடுக்காதீர்கள். முக்கியமான அடிகள் எவை என்று காதில் விழுந்தால், நல்ல இசையமைப்பாளர் அவரே அங்கே இடம் விட்டு வாசிப்பார்.