லேப்டாப் இருக்கட்டும், கார்டு பாக்கியை முதலில் அடைத்துவிடுங்கள்

கேள்வி: சென்னை சாலிகிராமத்தில் இருக்கிறேன், வயது 43. சினிமா ரெக்கார்டிங்கில் வயலின் வாசிக்கிறேன். முன்பு மாதம் பத்துப் பன்னிரண்டு கால்ஷீட் வரும். இப்போது ஸ்ட்ரிங்ஸை (வயலின் போன்ற தந்தி வாத்தியங்களை) சேம்பிளிலேயே, அதாவது முன்பே பதிந்துவைத்த ஒலிகளிலேயே, முடித்துவிடுகிறார்கள். நான்கு வந்தால் அதிகம். வீட்டில் ரெக்கார்ட் செய்யலாம் என்று மைக், அதை லேப்டாப்பில் இணைக்கும் இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாம் கிரெடிட் கார்டில் வாங்கினேன். பாக்கி 1.4 லட்சம், தவறாமல் மாதம் 7,000 கட்டுகிறேன். வருமானம் சராசரியாக மாதம் 35,000. பழைய லேப்டாப் ஒன்றும், 4 பவுன் நகையும் உண்டு. 1.8 லட்சத்துக்குப் புது லேப்டாப்பும் ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரியும் (சேம்பிள் தொகுப்பும்) வட்டியில்லாத் தவணையில் வாங்கலாமா? 45,000 ரூபாய் ஏஐ இசைப் பயிற்சியில் சேரச் சொல்லி மைத்துனரும் நெருக்குகிறார்.

பதில்: வாங்காதீர்கள். பயிற்சியும் வேண்டாம். “தவறாமல் 7,000 கட்டுகிறேன்” என்கிறீர்களே, சிக்கலே அங்கேதான். அது பாக்கியில் 5%, அதாவது குறைந்தபட்சம் கட்டியே ஆகவேண்டிய ‘மினிமம் டியூ’. கார்டு வட்டி மாதம் 3.5% என்று வைத்தால் 4,900. அதன்மேல் 18% ஜிஎஸ்டி 880. கட்டும் 7,000-ல் அசலில் குறைவது 1,220 ரூபாய்தான். பாக்கி நிற்கும்வரை அந்தக் கார்டில் மளிகை வாங்கினால்கூட அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும்.

நகையை வங்கியில் வைத்து, கார்டு பாக்கியை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். வட்டி 10% என்றால் முதல் மாதம் 1,170. அதே 7,000-ஐக் கட்டிவந்தால் 22 மாதத்தில் கடன் தீரும். பல வங்கிகளில் நகைக்கடன் ஓராண்டுக்குத்தான். 12-வது மாதம் மீதிக்குப் புதுப்பிக்க வேண்டியிருக்கும், தேதியைக் குறித்துவையுங்கள். பாக்கியை அடைத்த கையோடு கார்டை மூடிவிடுங்கள். மூடாவிட்டால் ஆறே மாதத்தில் இரண்டு கடன் நிற்கும்.

‘வட்டியில்லாத் தவணை’ 12 மாதத்துக்கு என்றால் மாதம் 15,000 கேட்கும். வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். 15% கணக்கில் சுமார் 2,500. போகட்டும். வாசித்த பணம் இரண்டு மூன்று மாதம் இழுத்து வருகிற தொழிலில், ஐந்தாம் தேதித் தவணையை எதை வைத்துக் கட்டுவீர்கள்?

அந்த லைப்ரரி இசையமைப்பாளரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர் உங்களைக் கூப்பிடுவது அதில் வராததற்கு: ஒரு கமகத்துக்கு, வில் திரும்பும் இடத்து உரசலுக்கு, சேம்பிள் மேல் பூச ஒரு நிஜ வயலினுக்கு. இதற்குப் பழைய லேப்டாப் போதும். பல ஜிபி சேம்பிளை மெமரியில் ஏற்றத்தான் புது இயந்திரம் வேண்டும். ஒரு வயலினைப் பதிய அது தேவையில்லை. ரீப்பர் என்கிற ஒலிப்பதிவு மென்பொருள் தனிநபருக்கு 60 டாலர். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் வாங்குங்கள், இல்லையேல் தாளம் காட்டும் கிளிக் சத்தம் மைக்கில் கசியும். ஃபேனை அணைத்து, முதுகுக்குப் பின்னால் கனமான ஜமுக்காளமோ ரஜாயோ தொங்கவிடுங்கள். அறை எதிரொலித்தால், விலை உயர்ந்த மைக் அந்த எதிரொலியை இன்னும் தெளிவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். சினிமாவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைல். வாசித்துப் பதியும் எல்லா டேக்கும் பாட்டின் பூஜ்ஜிய நொடியிலிருந்தே தொடங்கட்டும். நடுவிலிருந்து வெட்டி அனுப்பினால் இசையமைப்பாளர் பக்கம் இடம் தேடிப் பொருத்த வேண்டியிருக்கும். அந்தத் தொல்லை கொடுத்தவரை மறுபடி கூப்பிட யோசிப்பார்கள்.

ஏஐ பாட்டு போட்டுச் சம்பாதிக்கலாம் என்கிற பயிற்சிக்கு ஒரே கணக்கு: ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடாத பாட்டுக்குப் பதிவுக்கான ராயல்டி கிடையாது. இதைக் காட்டி, கடன் தீரட்டும் என்று மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள்.

வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் பற்றி நீங்கள் எழுதவில்லை. கால்ஷீட் பணத்தில் 10% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்கிறார்களா என்று வருமான வரி இணையதளத்தில் பான் எண் வழியே பாருங்கள். உதாரணமாக, ஆண்டு வருமானத்தில் 1.8 லட்சத்துக்குப் பிடித்திருந்தால் 18,000. இந்த வருமானத்துக்குப் புதிய முறையில் வரி வராது. ரிட்டர்ன் போட்டால் முழுதும் திரும்பும். கெடு தாண்டியிருந்தாலும் டிசம்பர் 31 வரை போடலாம். வந்ததை அப்படியே நகைக்கடனில் கட்டுங்கள்.