ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாமா? வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

கொடுங்கையூரில் 800 சதுர அடி வீடு, தரைத்தளம் மட்டும். ரோடு ஏறி ஏறி வாசல் ஒன்றரை அடி பள்ளத்தில் இருக்கிறது. எத்தனை அடி தூக்கச் சொல்வது?

வாசல் ரோட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெயின் ரோடு, மழைநீர் வடிகால் மூடி, 2015, 2023 டிசம்பர் மழையில் உங்கள் சுவரில் தண்ணீர் நின்ற கோடு மூன்றையும் டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்து மட்டம் பார்ப்பது) பாருங்கள். எது உயரமோ அதற்கு மேல் ஓரடி வையுங்கள். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. அதை நம்பி உயரத்தைக் குறைக்க வேண்டாம். பெரும்பாலும் மூன்றடி வரை சதுர அடிக்கு ஒரு ரேட் பேசுவார்கள், அதற்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் தனிக் காசு.

வீட்டோடு தரையும் சேர்ந்து எழும்புமா?

எழும்பாது. சுவரும் கூரையும்தான் மேலே போகும். சுவர் போக உள்ளே 650 சதுர அடி என்றால், மூன்றடி தூக்கினால் 1,950 கன அடி, அதாவது இருபது யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) நிரப்ப வேண்டும். கெட்டியாக்க இடித்தால் மண் அமுங்கும், ஆகவே 24 யூனிட்டாவது கிராவல் சொல்லுங்கள். அரை அடிக்கு ஒரு தட்டாகக் கொட்டி, தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். காசு மிச்சமென்று ரப்பீஸை (கட்டட இடிபாட்டை) அப்படியே கொட்டினால், பெரிய கட்டிகளுக்கு நடுவே பொந்து விழுந்து அடுத்த மழைக்கு டைல்ஸ் இறங்கும். டைல்ஸ், கக்கூஸ் லைன், சேம்பர், சம்ப் வாய் எல்லாம் புது வேலை. கொட்டேஷனில் பெரும்பாலும் இவை இருக்காது.

வேலை நடக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? சுவரில் விரிசல் வருமென்று பயமாக இருக்கிறது. (தண்டையார்பேட்டை)

கடக்கால் வரை தோண்டி, பேஸ்மட்டத்துக்குக் கீழே இடைவெளி விட்டுச் சுவரில் துளை போட்டு, ஜாக்கியும் அதன் தலையில் இரும்புச் சேனலும் வைப்பார்கள். பாரம் அதில் இறங்கிய பிறகே மிச்சச் சுவரை உடைக்க வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒரு ஜாக்கி என்றால், 200 அடி சுவர் ஓட்டத்துக்கு 130-க்கு மேல் வேண்டும். மேஸ்திரி குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் கொஞ்சமாகத் திருப்புவார்கள். ஒரு மூலை முந்தினால் ஜன்னல் மூலையிலிருந்து குறுக்கே விரிசல் ஓடும். சுவரை ஒட்டி சம்ப் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தப் பக்கம் மண் சரிந்து ஜாக்கி சாயும். ஜாக்கிக்கு அடியில் வெறும் களிமண் இருக்கக் கூடாது, கான்கிரீட் படுக்கை வேண்டும்.

தூக்கும்போது தப்பிய வீடுகள்கூட அடிச்சுவர் கட்டும்போது கெட்டுப்போகும். ஜாக்கிகளுக்கு இடையே சுவர் கட்டி ஏழு நாளாவது தண்ணீர் ஊற்றிய பிறகு, ஒன்று விட்டு ஒன்றாகத்தான் ஜாக்கியைக் கழற்ற வேண்டும். அடுத்த சைட்டுக்கு ஜாக்கி தேவைப்படுவதால் அவசரப்படுத்துவார்கள், விடாதீர்கள். புதுச் சுவருக்கும் சேனலுக்கும் நடுவே கடைசியில் மிஞ்சும் சந்தில் சுருங்காத கிரவுட் (சந்தை அடைக்கும் சிமெண்ட் கலவை) அடைக்கச் சொல்லுங்கள். சாதாரணக் கலவை காய்ந்து சுருங்கிவிடும். ஹேக்சா பிளேடை அங்கே நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் அடைப்பு சரியில்லை. வீடு அந்த அளவுக்கு இறங்கப் போகிறது. உங்கள் பக்கம் உப்புக் காற்று, சேனலுக்கு ரெட் ஆக்சைடு அடித்து கான்கிரீட்டால் மூடாமல் விட்டால் துரு பெருத்துப் பூச்சைத் தள்ளும்.

பெரம்பூரில் பில்லர் வீடு, மாடியும் உண்டு. தூக்கலாமா?

தூக்கலாம், ஆனால் இன்ஜினியர் இல்லாமல் வேண்டாம். பில்லரை வெட்டினால் கம்பியும் வெட்டுப்படும். 12 எம்.எம். கம்பிக்கு இரண்டு அடியாவது மேலும் கீழும் ஒட்டு (பழைய கம்பியோடு புதுக் கம்பி சேர்ந்து ஓடும் நீளம்) வேண்டும். அதற்குப் பழைய கான்கிரீட்டைக் கொத்திக் கம்பியை வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் கப்ளர் (இரண்டு கம்பி முனைகளை இணைக்கும் இரும்புக் குழல்) போட வேண்டும். இரண்டு இன்ச் வெல்டு அடித்துவிட்டு ‘ஸ்ட்ராங் சார்’ என்பவரை அனுப்பிவிடுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர்.

அவரும் சேர்ந்து தூக்கினால்தான் முடியும். சம்மதிக்காவிட்டால் உங்கள் பக்கம் தனிச்சுவர் எழுப்பிப் பிரிக்க வேண்டும், இடம் குறையும். சுண்ணாம்புக் கட்டு, மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல், சுண்ணாம்பால் போட்ட பழைய கூரை) வீடென்றால் எங்கள் யோசனை, தூக்கவே வேண்டாம்.

எந்த மாதம் தொடங்கலாம்? உள்ளேயே தங்கலாமா?

தை, மாசியில் தொடங்கி ஆனிக்குள் முடியுங்கள். ஐப்பசி மழை வந்தால் தோண்டிய குழி குளமாகிவிடும். தங்கலாம் என்று கான்ட்ராக்டர் சொல்வார், தங்காதீர்கள். மாடித் தொட்டியைக் காலி செய்து, சிலிண்டரை வெளியேற்றி, மெயின் வயருக்கு ஈ.பி. ஆபீசில் சொல்லிவிட்டுப் போங்கள்.