ஆக்கப் பொறுத்தவர்கள்

கூடைப்பந்து கேள்வி - பதில்
பதில் சொல்பவர்: தேனி மாவட்டத்தில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்

*

கேள்வி: நானும் என் அறைத்தோழனும் ஒரு மாதமாகச் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் மார்க்கெல் ஃபுல்ட்ஸ். 2017-ல் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வில், அணிகள் வரிசைப்படி புது இளைஞர்களை எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவரை ஃபிலடெல்ஃபியா அணி இரண்டு வருடம்கூட வைத்துக்கொள்ளவில்லை. இன்னும் பொறுத்திருக்க வேண்டும் என்கிறேன் நான். அவரைக் கொடுத்ததால்தான் டைரீஸ் மேக்சி கிடைத்தார், அதுதான் புத்திசாலித்தனம் என்கிறான் அவன். யார் சொல்வது சரி?
- ச. பி., திருச்சி

பதில்: முதலில் அவரோடு பேசுங்கள். வாடகையைப் பாதியாகப் பிரித்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

கணக்கு என்று பார்த்தால் உங்கள் நண்பர் பக்கம்தான் சாய வேண்டும். 2019 பிப்ரவரியில் ஃபுல்ட்ஸை ஆர்லாண்டோவுக்குக் கொடுத்தபோது ஃபிலடெல்ஃபியாவுக்கு ஓர் ஆட்டக்காரரும் இரண்டு தேர்வு வாய்ப்புகளும் கிடைத்தன. அந்த வாய்ப்புகளில் ஒன்றை வைத்துத்தான் 2020-ல் 21-வது ஆளாக மேக்சியை எடுத்தார்கள். முதல் வருடம் ஆட்டத்துக்கு 8 புள்ளி எடுத்த பையன், 2023-24-ல் 25.9 எடுத்து, அந்த ஆண்டின் 'மிக அதிகம் முன்னேறிய ஆட்டக்காரர்' விருதையும் வாங்கினார். சரி. ஆனால் ஃபுல்ட்ஸை அனுப்பிய அன்று மேக்சி டெக்சஸில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அவர் வருவார் என்று தெரிந்தா கொடுத்தார்கள்? மாட்டை விற்ற காசில் வாங்கிய லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழுந்தது. அதற்காக மாட்டின் நோய் தீரும் வரை பொறுக்காமல் சந்தைக்கு ஓட்டிப்போனது சரியாகிவிடுமா?

நோய் என்றுதான் சொல்கிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஃபுல்ட்ஸ் ஆட்டத்துக்கு 23.2 புள்ளி எடுத்தவர். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்துகளில் 41 சதவீதம் உள்ளே போனது. அப்படிப்பட்ட கை, தேர்வு முடிந்த சில மாதங்களில் எறிவதையே மறந்துவிட்டது. 2018 நவம்பரில் மயாமியில் நடந்த ஆட்டத்தின் துண்டுக் காட்சியை என் மகன் கைப்பேசிக்கு அனுப்பினான். ஏழெட்டு முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி செய்த தவறுக்காகக் கிடைக்கும் எறிதல், அதற்கான கோட்டில் நிற்கிறார். எதிரே தடுக்க ஆள் கிடையாது, அவசரமும் கிடையாது. பந்து நெற்றிக்கு மேலே போகிறது. அங்கே நின்றுவிடுகிறது. கைகள் ஒரு கணம் தயங்கி, மறுபடி கிளம்பி, அதன் பிறகுதான் பந்து விரலை விட்டுப் போகிறது. பேசும்போது நாக்கு திக்குவதைப் பார்த்திருக்கிறேன். கை திக்கியதை அன்றுதான் பார்த்தேன்.

'மனக்கோளாறு', 'பயந்த பையன்' என்று ஊரே சிரித்தது. அடுத்த மாதம்தான் விஷயம் வெளிவந்தது: தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் நெருக்கப்படும் நிலை. தோளும் கையும் வலிக்கும், மரத்துப்போகும். பந்து எறிகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நோய்க்குப் பெயர் வைக்கவே ஒன்றேகால் வருடம் ஆகிவிட்டது. பெயர் வைத்த இரண்டாவது மாதம் ஆளை அனுப்பிவிட்டார்கள். மொத்தத்தில் அவர் அந்த அணிக்கு ஆடியது 33 ஆட்டம்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பொறுமைக்குப் பேர்போன அணி அது! 2013-லிருந்து மூன்று சீசன்களில் 47 வெற்றி, 199 தோல்வி. தோற்றால் நல்ல இளைஞர்களைத் தேர்வில் முன்னதாக எடுக்கலாம் என்று கணக்குப் போட்டே தோற்றார்கள். ரசிகர்களும் 'நடைமுறையை நம்பு' என்று கோஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஃபுல்ட்ஸை எடுப்பதற்காக பாஸ்டனுக்குத் தங்கள் மூன்றாவது இடத்தையும், வருங்காலத் தேர்வு வாய்ப்பு ஒன்றையும் கொடுத்தார்கள். அந்த மூன்றாவது இடத்தில் பாஸ்டன் எடுத்தது ஜேசன் டேட்டமை. 2024-ல் கோப்பை வாங்கிய அணியின் முதுகெலும்பு அவர். இவ்வளவு கொடுத்து வாங்கியவனுக்கு உடம்பு சரியாகும் வரை பொறுக்க முடியவில்லை. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அதுதான்.

ஆர்லாண்டோ என்ன செய்தது? வந்த சீசன் முழுக்க ஓர் ஆட்டமும் ஆடவிடவில்லை. அடுத்த சீசனில் 72 ஆட்டம் ஆடினார், 12.1 புள்ளி. ஃபிலடெல்ஃபியாவின் கடைசி நாட்களில் பத்துக்கு ஆறுகூட விழாத ஃப்ரீ த்ரோ, நூற்றுக்கு 73 ஆனது. 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய், லெப்ரான் ஜேம்ஸின் லேக்கர்ஸை அதன் சொந்த அரங்கிலேயே 119-118 என்று வென்றபோது, 21 புள்ளி, 11 ரீபவுண்டு (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கக் கொடுக்கும் பாஸ்). ஒரு வருடம் கழித்து முழங்கால் தசைநார் கிழிந்தது. கல்லூரிக் காலத்து மூன்று புள்ளி எறிதல் கடைசி வரை திரும்பி வரவில்லை. ஆகையால் பொறுத்திருந்தால் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஒரு மகாராஜா கிடைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். உருப்படியான ஆட்டக்காரர் ஒருவர் கிடைத்திருப்பார். உங்களுக்கு முக்கால், நண்பருக்குக் கால். அந்தக் காலும் மேக்சிக்காக.

*

கேள்வி: பொறுமை, பொறுமை என்கிறீர்களே, எத்தனை வருடம்? ஒரு எண் சொல்லுங்கள்.
- வே. ரா., சிவகாசி

பதில்: எண் சொல்ல மாட்டேன். வருடத்தை எண்ணுகிறவர்கள் நிமிடத்தை எண்ணுவதில்லை.

ஜெர்மெய்ன் ஓ'நீல் என்ற 17 வயதுப் பையனை 1996-ல் போர்ட்லாண்ட் அணி பள்ளியிலிருந்து நேரே எடுத்தது. நான்கு வருடம் வைத்திருந்தது. கேட்கப் பெரிய பொறுமையாகத் தெரிகிறதல்லவா? அணியில் சபோனிஸ், ரஷீத் வாலஸ் என்று முன்னால் மலை மலையாக ஆட்கள். 48 நிமிட ஆட்டத்தில் இவருக்குச் சராசரியாகக் கிடைத்தது 11 நிமிடமோ என்னவோ. வியர்ப்பதற்குள் மறுபடி பெஞ்ச். 2000-ல் இண்டியானாவுக்கு அனுப்பினார்கள். அங்கே முதல் நாளிலிருந்தே இறக்கிவிட்டார்கள். இரண்டாவது சீசனில் ஆட்டத்துக்கு 19 புள்ளி, 'மிக அதிகம் முன்னேறியவர்' விருது, அதிலிருந்து தொடர்ந்து ஆறு முறை ஆல்-ஸ்டார் என்ற நட்சத்திர ஆட்டத்தில் இடம். போர்ட்லாண்டின் நான்கு வருடத்துக்குப் பெயர் பொறுமை என்றால், ஊறுகாய் ஜாடிக்கும் பொறுமை உண்டு.

மறுபக்கம் யானிஸ் அடெட்டகும்போ. 2013-ல் மில்வாக்கி 15-வது ஆளாக எடுத்தது. அந்த சீசனில் மில்வாக்கி ஜெயித்தது 15, தோற்றது 67. இழக்க ஒன்றுமில்லாத அணி, ஆகவே குச்சி குச்சியாக இருந்த அந்த கிரேக்கப் பையனை ஆட்டத்துக்கு 24 நிமிடம் இறக்கியது. எடுத்ததென்னவோ 6.8 புள்ளிதான். 2021 இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் அவரே 50 புள்ளி எடுத்தார். தோற்கும் அணிக்குப் பொறுமை மலிவு. ஃபிலடெல்ஃபியா அப்போது 50 ஆட்டத்துக்கு மேல் ஜெயிக்கத் தொடங்கியிருந்தது, அதுவும் ஃபுல்ட்ஸின் கெட்ட நேரம்.

*

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. உயரம் ஆறடி இரண்டு அங்குலம். உயரத்தைப் பார்த்துத்தான் பள்ளி அணியில் சேர்த்தார்கள். ஆனால் ஒன்றரை வருடமாகப் போட்டிகளில் பெரும்பாலும் உட்காரத்தான் வைக்கிறார்கள். பந்து கையில் நிற்பதில்லையாம். 'பொறுங்கள் அம்மா' என்கிறார் பயிற்சியாளர். 'போதும், டியூஷனுக்கு அனுப்பு' என்கிறார் அவன் அப்பா. நடுவில் நான்.
- ஒரு தாய், கரூர்

பதில்: அம்மா, முதலில் என் கதை ஒன்றைக் கேளுங்கள். பெருமையான கதை இல்லை.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். காலைப் பயிற்சியில் பத்துக்கு ஏழு போடுவான். மாலையில் பத்துக்கு மூன்று. போட்டிகளெல்லாம் மாலையில்தான் நடக்கும். மாலையானால் கவனம் சிதறுகிறது, வேடிக்கை பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன், எல்லார் முன்னாலும் திட்டினேன், ஒரு சீசன் முழுக்க உட்கார வைத்தேன். பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்கப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது இருட்டிவிட்டது. பஸ் நிலையத்தில் இருபதடி தூரத்தில் பஸ் நிற்கிறது, நெற்றியில் பலகை எரிகிறது. இவன் பக்கத்தில் நின்றவனிடம் மெதுவாகக் கேட்கிறான்: "அது எந்த ஊர் பஸ்டா?"

எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. மறுநாள் கண் பரிசோதனைக்கு அனுப்பினேன். கிட்டப்பார்வை, நல்ல பவர். வெயிலில் எப்படியோ சமாளித்திருக்கிறான். விளக்கு வெளிச்சத்தில் வளையம் அவனுக்கு ஒரு சிவப்புத் தீற்றலாகத்தான் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். கண்ணாடியை ரப்பர் நாடா போட்டுக் கட்டிக்கொண்டு அடுத்த சீசன் ஆடினான். நான் திட்டிய வார்த்தைகளை இன்றைக்கும் என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.

ஆகையால் உங்கள் மகனைப் பற்றித் தீர்ப்பு சொல்வதற்கு முன் கண்ணைப் பரிசோதியுங்கள். பந்து கையில் நிற்கவில்லை என்றால் பந்து வருவது சரியாகத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பு புடைத்த இடத்தில் அமுக்கினால் வலிக்கிறதா என்று கேளுங்கள். வேகமாக உயரும் பையன்களுக்கு அது சகஜம். வலியைச் சொன்னால் அணியை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று மறைப்பார்கள். வலி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு, இந்த ஒன்றரை வருடத்தில் எத்தனை அங்குலம் வளர்ந்தான்? மூன்று நான்கு என்றால், தன் கை எங்கே முடிகிறது என்பதே அவனுக்கு இன்னும் புதுச் செய்தி. போன வருடத்துக் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்பது போல, போன வருடத்துப் பழக்கமும் இந்த வருடத்து உடம்புக்குப் பொருந்தாது.

பயிற்சியாளரிடம் 'எப்போது ஆடவிடுவீர்கள்' என்று கேட்காதீர்கள். அதற்குப் 'பொறுங்கள்' என்றுதான் பதில் வரும். 'டிசம்பருக்குள் இவன் எதைச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும், சார்?' என்று கேளுங்கள். 'இடது கையால் லே-அப் (வளையத்தருகே ஓடிப்போய்ப் போடுவது) போட வேண்டும்', 'ரீபவுண்டு எடுத்தவுடன் பந்தை இறக்காமல் பாஸ் கொடுக்க வேண்டும்' என்று திட்டமாகச் சொன்னால், அவர் உங்கள் மகனைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். தாராளமாகப் பொறுக்கலாம். 'பார்க்கலாம் அம்மா, வளர்ற பையன்' என்று இழுத்தால், அவர் பார்ப்பது உயரத்தை மட்டும். அங்கே ஒன்றரை வருடம் பத்து வருடமானாலும் அப்படியேதான் இருக்கும். வேறு கிளப் மைதானம் பாருங்கள். அங்கே தோற்கும் அணியாக இருந்தாலும் பரவாயில்லை, களத்தில் நிற்கட்டும்.

அவன் அப்பா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். பொதுத்தேர்வு வருடம். வாரத்தில் மூன்று நாள் பயிற்சி, மற்ற நாள் டியூஷன் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஓடும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைத்துவிடும் என்று யாராவது ஆசை காட்டினால் மட்டும் நம்பாதீர்கள். கிடைத்தால் அது உபரி.

இத்தனையும் செய்து, அவனே 'எனக்குப் பிடிக்கவில்லை அம்மா' என்றால் விட்டுவிடுங்கள். ஆறடி இரண்டு அங்குலம் வளர்ந்தது பந்து விளையாடுவதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் இல்லை. பரணில் இருக்கும் சாமானை எடுத்துக் கொடுக்கட்டும்.

*

கேள்வி: தாத்தா, எனக்கு 13 வயது. தினமும் 100 ஃப்ரீ த்ரோ எறிகிறேன். 40-க்கு மேல் விழவே மாட்டேன் என்கிறது. விட்டுவிடலாமா?
- ஜெ. மா., உடுமலைப்பேட்டை

பதில்: கண்ணு, வளையத்தின் குறுக்களவு 45 சென்டிமீட்டர். நீ எறியும் பந்து 23 சென்டிமீட்டர் சொச்சம். ஏறக்குறைய இரண்டு பந்து பக்கம் பக்கமாக நுழையும் ஓட்டை அது. அடுத்த முறை யாரையாவது ஏணி பிடிக்கச் சொல்லி ஏறிப் பார், பயம் பாதி போய்விடும்.

நூறையும் ஒரே மூச்சில் எறியாதே. அறுபதுக்கு மேல் கை களைத்துப்போய்த் தப்பாக எறியப் பழகிவிடும். பத்து எறி, மைதானத்தை ஒருமுறை சுற்றி ஓடு, மூச்சு வாங்கும்போதே அடுத்த பத்து எறி. ஆட்டத்தில் மூச்சு வாங்கிக்கொண்டுதான் எறிய வேண்டியிருக்கும். விழாத அறுபதையும் ஒரு நோட்டில் எழுது: முன்னால் இடித்ததா, பின்னால் இடித்ததா, இடமா, வலமா என்று. பத்து நாள் கழித்து அந்த நோட்டை எனக்கு அனுப்பு. பதில் அதற்குப் பிறகு.

உங்கள் பள்ளி வளையத்தில் வலை இருக்கிறதா? இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் கேட்டு மாட்டச் சொல். வலையில்லாத வளையத்தில் விழுந்ததா இல்லையா என்று சண்டை போட்டே பாதி மாலை போய்விடும்.