நிலாவெளிக்கும் நுவரெலியாவுக்கும் ஒரே ஸ்லீப்பிங் பாக் காணுமோ?

ஆகஸ்ட் லீவில நிலாவெளி, டிசம்பரில நுவரெலியா, கைக்குழந்தையில இருந்து அப்பம்மா வரைக்கும் ஒரே மாதிரி பாக் வாங்கலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். சரிவராது. நிலாவெளியில எங்கட திருமலைப் புழுக்கத்துக்கு பாயும் ஒரு பருத்திப் போர்வையும் காணும், நுளம்பு வலையத்தான் மறக்கக்கூடாது.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், இரவில 10 பாகைக்கு கீழயும் போகும். பாக் லேபிளில கம்ஃபர்ட் (வசதியாப் படுக்கக்கூடிய குளிர்), லிமிட் எண்டு ரெண்டு வெப்பநிலை இருக்கும், கம்ஃபர்ட்டைப் பார்த்து 5 பாகை அளவில எடுங்கோ, லிமிட் எண்டது சுருண்டு படுத்து சமாளிக்கிற குளிர், கடைக்காரர் அதைத்தான் பெருசாச் சொல்லுவினம். இறகு அடைச்சது பாரம் குறைவுதான், ஆனா நனைஞ்சா சூடு போயிடும், மழைக்கு சிந்தெட்டிக் (செயற்கைப் பஞ்சு) அடைச்சது நல்லம். கீழ கட்டாயம் மேட் போடுங்கோ, உடம்புப் பாரத்தில அடிப்பக்கப் பஞ்சு அமத்துப்பட்டுப் போக குளிர் நிலத்தில இருந்துதான் ஏறும்.

சின்னப் பிள்ளையள பெரியாக்களின்ட பாக்கில விட்டா கால்மாட்டில வெறும் இடம் கிடந்து குளிரும், மிச்சத்தை அடியில மடிச்சுக் கட்டிவிடலாம். கைக்குழந்தைய மட்டும் இதுக்குள்ள போடவே வேண்டாம், முகம் மூடுப்பட்டா ஆபத்து. அப்பம்மாவுக்கு அகலமான, பக்கத்தால முழுசாத் திறக்கிற சிப் உள்ளது, இரவில எழும்ப லேசு.