‘ட்ரீம்ஸ்’ பாட்டில் ஸ்டீவி நிக்ஸ் பழைய காதலனைச் சபிக்கிறாரா?

வேலூரில் கல்லூரி விழாவுக்காக ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் இந்தப் பாட்டைப் பழகுகிறோம், கோபமாகப் பாடுவதா சோகமாகப் பாடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சபிக்கவில்லை என்றே சொல்வேன். அதே குழுவின் கிடாரிஸ்ட் லிண்ட்சே பக்கிங்ஹாமைப் பிரிந்த சமயம், 1976-இல் குழுவின் பாடகி ஸ்டீவி எழுதியது இது. சுதந்திரம் வேண்டுமா, போ. தனிமையில் உட்காரும்போது எதை இழந்தாய் என்று தெரியும் என்கிறார். மழை கழுவிவிட்ட பிறகு உனக்கே விளங்கும் என்கிறார். வலி நிறைய இருக்கிறது, வசை இல்லை.

கோபம் வேண்டுமென்றால் அதே ‘ரூமர்ஸ்’ (1977) ஆல்பத்தில் லிண்ட்சே எழுதிய ‘கோ யுவர் ஓன் வே’ கேளுங்கள். தன்னைக் குறை சொல்லும் ஒரு வரியை எடுக்கச் சொல்லி ஸ்டீவி கேட்டும் அவர் எடுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பாட்டில் ஸ்டீவியின் குரல் பின்னணியில் ஒலிக்கிறது. ‘ட்ரீம்ஸ்’க்குக் கிடார் வாசித்தது லிண்ட்சே. தன் மேல் சொன்ன புகாருக்குத் தானே பக்கவாத்தியம்! எவ்வளவு கடினமாக இருந்திருக்கும். அதனால் ஒரே பாட்டை வைத்து யார் பக்கம் நியாயம் என்று முடிவு கட்டாதீர்கள்.

சரி, பாடும் விதம். பெரும்பாலும் இரண்டே கார்டில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) நிதானமாக ஓடும் பாட்டு. குரலை உயர்த்தாமல் பாடுங்கள். வரிகளுக்கு இடையில் கிடார் பதில் சொல்லட்டும்.