காட்டில் நடந்தால் மனசு லேசாகுமா? வேலூரில் எங்கே, எப்போது, எவ்வளவு நேரம்?

கேள்வி: வேலூரில் வேலை பார்க்கிறேன். எந்நேரமும் டென்ஷன், தூக்கமும் சரியில்லை. காட்டுப் பக்கம் போய் வந்தால் சரியாகும் என்கிறார்கள். இந்த ஊர் வெயிலில் அதெல்லாம் நடக்குமா?

நடக்கும். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வேன் பிடித்து ஏலகிரி போய் வருவதால் நடக்காது. வாராவாரம் போகிற மாதிரி பக்கத்தில் ஓர் இடம் வேண்டும்.

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்துச் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள்தான் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரமோ, நாலு அரைமணியோ, பெரிய வித்தியாசமில்லை. (தெம்பாக இருக்கிறவர்கள்தான் வெளியே கிளம்புகிறார்களோ என்ற சந்தேகம் இதில் மிச்சமிருக்கிறது.)

உங்களுக்கு இன்னும் பொருந்துவது 2015-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் செய்தது. ஒரு குழுவை 90 நிமிடம் வாகன நெரிசல் சாலையோரம் நடக்க விட்டார்கள், இன்னொன்றை மரங்களுக்கு நடுவே. ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் இரண்டாவது குழுவில் மட்டும் குறைந்தது. சின்ன ஆய்வுதான், 38 பேர். கவனிக்க வேண்டியது அந்த இடம்: அடர்ந்த காடில்லை, புல்வெளியில் ஆங்காங்கே ஓக் மரமும் புதரும். அப்படிப் பார்த்தால் நம் வடஆற்காட்டுப் புதர்க்காடே போதும். மரவாசனை எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்ற ஜப்பான் கணக்கை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். அது பெரும்பாலும் ஹினோகி, சுகி மாதிரியான ஊசியிலை மரங்களைப் பற்றியது. ஜவ்வாது மலைக் காடு வேறு ரகம்.

வாராவாரம் போக ஓட்டேரியிலிருந்து பாலமதி மலை ஏறும் பக்கம் நல்லது. மாதம் ஒருமுறை, சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் அமிர்தி காடு. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் இறங்கக்கூடாது. கரடி நடமாட்டமும் உண்டு. சாலை, கோயில் பாதை, வனத்துறை அனுமதித்த தடம், இவ்வளவு போதும். தனியாகப் போக வேண்டாம். கூட வருபவர் பேசாமல் நடக்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது.

வெயில் தணிந்த நவம்பர் முதல் ஜனவரி வரைதான் சீசன். பிப்ரவரிக்கு மேல் இலை கொட்டி நிழல் போய்விடும், காட்டுத்தீ பயமும் வந்துவிடும். அந்த மாதங்களில் ஊருக்குள்ளேயே மரம் அடர்ந்த இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும் காலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். சாயங்காலம் வேண்டாம், பகலெல்லாம் காய்ந்த பாறை பொழுது சாய்ந்த பிறகும் அனல் அடிக்கும்.

போனை சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வையுங்கள். முதல் இருபது நிமிடம் ஆபீஸ்தான் தலைக்குள் ஓடும். ‘நமக்கு இது ஒத்துவராது’ என்று பலர் திரும்புவது அப்போதுதான். திரும்பாமல் வேகத்தைக் குறையுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. பிறகு ஓரிடத்தில் பத்து நிமிடம் நின்று ஒரே ஒரு பொருளைப் பாருங்கள். வழியில் புளியமரம் இருந்தால் அதன் இலையே போதும். ராத்திரி ஜோடி ஜோடியாகக் கூம்பிய சிற்றிலைகள் வெளிச்சம் வந்ததும் விரியும். கொஞ்சம் முன்னதாகப் போய் நின்றால் ஒரே கொத்தில் பாதி விரிந்ததும் முழுக்க விரிந்ததும் தெரியும். ‘மனசைக் காலியாக்கு’ என்றால் ஆகாது. கண்ணுக்கு லேசான வேலை கொடுத்தால் தானாக அடங்கும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: லித்தியம் எடுப்பவர்களுக்கு வியர்த்து நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி விஷமாகலாம். வேறு சில மனநல மருந்துகள் வியர்வையைக் குறைத்து உடம்புச் சூட்டை ஏற்றும். டாக்டரைக் கேட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரோடு கிளம்புங்கள். நடை நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ நடையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி லைனான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, வேலூர்ப் பக்கம் உள்ள ஒரு தொல்லை: உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்). மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில், அதாவது நான் போகச் சொன்ன அதே மாதங்களில்தான் இது அதிகம். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி கடித்து வருவது. முழுக்கை சட்டை, முழு பேன்ட், பேன்ட் நுனி சாக்ஸுக்குள். புல்லில் அப்படியே உட்காராமல் தடிமனான விரிப்பைப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, துணியை வெந்நீரில் துவையுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பக்கம் சிகரெட் சுட்ட மாதிரி கருகிய புண் இருக்கிறதா பாருங்கள். அது வலிக்காது, அதனால் கண்ணில் படாமலே போகும். புண் இல்லையென்றாலும், காட்டுப்பக்கம் போய் வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.